வாணமும் வேடிக்கையும்: ஒரு புஸ்வாணத்தின் உள்ளே

தீபாவளி நெருங்கும்போது நம் சங்கத்துக் குடும்பங்களில் வழக்கமாக இரண்டு கேள்விகள் எழும். ஊருக்குப் போக ரயிலில் இடம் கிடைத்ததா என்பது முதல் கேள்வி. கிடைக்காதவர்கள் கேட்பது, இங்கே நல்ல சிவகாசிச் சரக்கு எந்தக் கடையில் வாங்கலாம் என்பது. மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு. அதைப் பிள்ளைகள், பெரியவர் காதில் விழாமல் தங்களுக்குள் கேட்டுக்கொள்வார்கள்: "இதைப் பிரிச்சு அதோட சேர்த்தா இன்னும் பெரிசா வருமாடா?"

இந்தக் கட்டுரை அந்த மூன்றாவது கேள்விக்கு. பிள்ளைகள் என்று சொன்னேனே தவிர, நாற்பது வயதுத் தகப்பனார்களும் இதைக் கேட்பதை அறிவேன். "செய்யாதே" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். காரணம் தெரியாமல் சொன்ன "செய்யாதே" எந்த வீட்டில் எடுபட்டிருக்கிறது? ஆகவே காரணத்தைச் சொல்லப் பார்க்கிறேன். அடியேன் பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திப் பாத்திர வியாபாரத்துக்கு வந்தவன். தீபாவளிக் காலத்தில் தற்காலிக உரிமம் எடுத்துப் பல வருஷம் பட்டாசும் விற்றிருக்கிறேன். விற்கிற சாமானைப் பற்றி நாலு எழுத்துப் படித்து வைத்துக்கொள்வது என் பழக்கம்.

முதலில் ஒரு சொல். பலரும் "வானவேடிக்கை" என்று எழுதுகிறார்கள். வானத்தில் நடப்பதால் அப்படித் தோன்றுவது இயற்கைதான். சரியான சொல் வாணவேடிக்கை. அம்பைக் குறிக்கும் "பாணம்" என்ற வடசொல்லே தமிழில் "வாணம்" ஆயிற்று. சீறிக்கொண்டு மேலே போவதால் அம்பின் பெயர் பட்டாசுக்கு வந்தது. பூப்போலச் சொரிகிற வாணம் பூவாணம், பேச்சில் புஸ்வாணம். சில ஊர்களில் பூச்சட்டி என்பார்கள். இங்கே வடக்கே அதையே "அனார்", அதாவது மாதுளை என்கிறார்கள். மண்ணாலான அந்த உருண்டைக் கூட்டைப் பார்த்தால் அந்தப் பெயரும் பொருத்தந்தான்.

நம் நாட்டில் இது புதிய சரக்கல்ல. பி. கே. கோடே என்ற புனே அறிஞர் 1400 முதல் 1900 வரையிலான இந்திய வாணவேடிக்கையின் வரலாற்றை ஒரு சிறு நூலாக எழுதினார். 1953இல் பெங்களூரில் வெளியானது. 1443இல் விஜயநகரத்துக்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக் அங்கே திருவிழாவில் வேடிக்கை கண்டதை அதில் எடுத்துக் காட்டுகிறார். ஒரிசாவை ஆண்ட கஜபதி பிரதாபருத்திரன் (1497 முதல் 1539 வரை ஆட்சி) பெயரில் உள்ள கௌதுகசிந்தாமணி என்ற சமஸ்கிருத நூலில் கந்தகம், கரி, வெடியுப்பு, இரும்புத்தூள், மூங்கில் குழாய் இவற்றைக் கொண்டு வாணம் செய்யும் முறைகள் இருப்பதையும் அவரே வெளிக்கொணர்ந்தார்.

ஆனால் விஜயநகரத்தார் பார்த்த வேடிக்கையில் இன்று நாம் பார்க்கும் சிவப்பும் பச்சையும் இருந்திருக்காது. கரியும் இரும்பும் தருவது பொன்னிறம், ஆரஞ்சு, கொஞ்சம் வெண்மை. அவ்வளவே. 1780களில் பிரான்சு தேசத்து பெர்த்தொலே பொட்டாசியம் குளோரேட் என்ற உப்பைக் கண்டறிந்த பிறகு, 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான் வாணத்துக்கு வர்ணம் ஏறியது. சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், மஞ்சளுக்கு சோடியம், பச்சைக்கு பேரியம், நீலத்துக்குச் செம்பு. இவற்றில் நீலம்தான் படாதபாடு படுத்துவது. நீல ஒளியைத் தரும் செம்புச் சேர்மம் சூடு கொஞ்சம் கூடினாலே சிதைந்துபோகும். சூடு குறைந்தால் ஒளி மங்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளியில் பிடித்து நிறுத்த வேண்டும். அடுத்த முறை யாராவது விட்ட வாணத்தில் நல்ல நீலம் தெரிந்தால் அதைச் செய்தவருக்கு மனதுக்குள் ஒரு சபாஷ் சொல்லுங்கள்.

இப்போது புஸ்வாணத்துக்குள் போவோம். பட்டாசுத் தொழிலில் உள்ளே இருக்கும் கலவைக்குப் பெயர் "மருந்து". மருந்தில் மூன்று வேலை நடக்கிறது. எரிகிற பொருள் (கரி, கந்தகம், அலுமினியம் போன்றவை), அது எரியத் தேவையான பிராணவாயுவைத் தருகிற உப்பு, பொறியாகப் பறக்கிற உலோகத்தூள். பிராணவாயு கலவைக்குள்ளேயே இருப்பதை மறக்கக் கூடாது. விறகு அடுப்பில் காற்று பட்ட இடம் மட்டும் எரியும். மருந்துக்கு வெளிக்காற்றே தேவையில்லை. அதனால்தான் மூடி வைத்தாலும் அணையாது, கையில் பொத்தினாலும் அணையாது.

கூம்பு ஏன் அந்த வடிவில் இருக்கிறது? மருந்து மேலிருந்து கீழாக அடுக்கடுக்காக எரிய வேண்டும். எரிய எரிய உள்ளே வாயு பெருகும். உச்சியில் உள்ள சிறு துளை வழியாக அந்த வாயு பொறிகளைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். அடியில் அகலமாக இருப்பதால் எரியும் பரப்பு கூடிக்கொண்டே போய்ப் பூ உயர்ந்துகொண்டே வருகிறது. துளையின் அளவு, மருந்து எவ்வளவு இறுக்கமாக இடிக்கப்பட்டிருக்கிறது, தூள் எவ்வளவு சன்னம், இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று கணக்குப் பார்த்து வைத்தவை. ஒன்றைக் கலைத்தால் மற்ற இரண்டும் பொய்யாகிவிடும். மருந்து இளகியோ விரிசல் விட்டோ இருந்தால் தீ மேற்பரப்பில் மட்டும் நிற்காமல் விரிசலுக்குள் ஓடும். ஒரே நேரத்தில் எல்லாம் எரியும். வெளியேற வேண்டிய வாயுவுக்கு அந்தச் சிறு துளை போதாது. அப்புறம் அது புஸ்வாணம் இல்லை, மண்ணோட்டில் செய்த குண்டு. நீங்கள் எதையும் மாற்றாவிட்டாலும், கீழே விழுந்து கூடு கீறிய புஸ்வாணமோ நனைந்து காயவைத்த புஸ்வாணமோ இதே வேலையைச் செய்யும். கடையில் இருந்த நாளில் விரிசல் விட்டதை நான் பாதி விலைக்குக்கூடத் தள்ளியதில்லை. தண்ணீர் வாளிக்குள் போட்டுவிடுவேன்.

கூட்டின் பொருளும் கணக்கில் சேர்ந்ததே. இதற்கு நம் பக்கத்துச் சரித்திரத்திலேயே சாட்சி இருக்கிறது. 1780 செப்டம்பர் 10ஆம் தேதி காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் (ஆங்கில நூல்களில் பொள்ளிலூர்) ஹைதர் அலியின் படை கும்பினிப் படையை முறியடித்தது. மைசூர்ப் படையின் வாணங்களுக்கு அங்கே பெரும் பேச்சு. அந்த வாணத்தின் விசேஷம் அதன் இரும்புக் குழாய். மூங்கிலும் காகிதமும் தாங்காத அழுத்தத்தை இரும்பு தாங்கும், அதனால் வெகுதூரம் போகும். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அவற்றில் சில இங்கிலாந்தின் வுல்விச் ஆயுதச்சாலைக்குப் போய், ஆங்கிலேயர் தங்கள் போர் ராக்கெட்டைச் செய்ய அவையே தூண்டுதலாயின. காகிதக் குழாய் என்றால் வேடிக்கை, இரும்புக் குழாய் என்றால் யுத்தம்.

இதைச் சொல்வதற்குக் காரணம், தெருவில் நடக்கிற "மாற்றங்களில்" முக்கால்வாசி இதுதான். அணுகுண்டின் மேல் தகர டப்பாவைக் கவிழ்ப்பது, சிரட்டையைக் கவிழ்ப்பது, பாட்டிலுக்குள் போடுவது, குழாய்த் துண்டுக்குள் செருகுவது. டப்பா மேலே பறப்பது பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும். காகிதம் சுற்றிய வெடி வெடித்தால் பறப்பது காகிதத் துணுக்கு. நாலு அடி போவதற்குள் காற்றே அதைப் பிடித்து நிறுத்திவிடும். தகரமும் கண்ணாடியும் அப்படி நிற்காது. தூர நின்று பார்க்கிறவர் கண்ணுக்குத்தான் வருகிறது. பற்ற வைத்தவன் குனிந்து ஓடிவிடுவான். பால்கனியில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறவளுக்கு ஓட இடமில்லை.

அடுத்தது மருந்தைக் கொட்டிச் சேர்ப்பது. ஓலை வெடியில் கொஞ்சம், லட்சுமி வெடியில் கொஞ்சம் என்று ஒரே காகிதத்தில் கொட்டுகிறார்கள். எல்லாம் கறுப்புத் தூள், எல்லாம் ஒன்றுதானே என்ற நினைப்பு. ஒன்றே இல்லை. புஸ்வாண மருந்து நிதானமாக எரியச் செய்யப்பட்டது. வெடியின் மருந்து கண்ணிமைக்கும் நேரத்தில் எரியச் செய்யப்பட்டது. இரண்டாவது வகை, அளவு கூடினால், மூடியிருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லாமல் வெடிக்கும். சில கலவைகளுக்கு நெருப்புக்கூட வேண்டாம். உரசல் போதும், உடம்பிலுள்ள நிலைமின்சாரம் போதும். குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்தால் அப்படித்தான். அதனால்தான் அந்தச் சேர்க்கையை இங்கிலாந்தில் 1894லும் இந்தியாவில் 1992லும் தடை செய்தார்கள். யாரோ கள்ளத்தனமாகச் செய்த வெடியில் அது இருந்தால் பிரித்துப் பார்க்கிற நமக்கு எப்படித் தெரியும்?

சிவகாசியில் இதே மருந்தை எப்படிக் கையாளுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த கதை நமக்கெல்லாம் தெரியும். தீப்பெட்டிக்குப் பின்னால் பட்டாசும் அந்த வறண்ட பூமியில் வேர்விட்டது. முறையான ஆலையில் மருந்து கலக்கும் அறை மற்ற அறைகளிலிருந்து தள்ளித் தனியாக இருக்கும். உள்ளே ஆட்கள் மிகச் சிலர், ஒரு தடவைக்கு மருந்தும் கொஞ்சமே. பருத்தித் துணிதான் உடுத்த வேண்டும். கலக்கும் அறைக்குள் நுழையுமுன் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பின் மின்சாரத்தைப் பூமிக்கு அனுப்ப வேண்டும். இரும்புக் கருவி கூடாது. இவ்வளவு கட்டுப்பாட்டில் ஒன்றிரண்டு தவறினால் என்ன நடக்கும் என்பதை 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டி காட்டியது. ஏறத்தாழ 40 பேர் போய்விட்டார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்கள்கூட இல்லை, தீயைக் கண்டு உதவவும் பார்க்கவும் ஓடிவந்த அக்கம்பக்கத்து ஜனங்கள். பரம்பரையாகத் தெரிந்த கைகளுக்கே இந்தக் கதி என்றால், மாடிக் குடியிருப்பில் நைலான் சட்டை போட்டுக்கொண்டு, பக்கத்தில் அகல்விளக்கு எரிய, ஸ்டீல் ஸ்பூனால் மருந்து கிளறுகிற பிள்ளையைப் பற்றி என்ன சொல்ல?

ராக்கெட் விஷயம் சுருக்கமானது. அந்த நீளக் குச்சி வெறும் பிடி இல்லை, அதுதான் சுக்கான். குச்சியை உடைத்துச் சிறிதாக்கினாலோ, தலையில் இன்னொரு வெடியைக் கட்டினாலோ பாரம் இடம் மாறும். மேலே போக வேண்டியது யார் வீட்டு ஜன்னலுக்குப் போகும் என்று அதற்கே தெரியாது. இப்போது பெட்டி பெட்டியாக வரும் பல சுற்று வாணங்களும் அப்படியே. சாய்ந்துவிட்டால் மீதிச் சுற்று அத்தனையும் படுக்கைவசமாகப் பாயும். சமதரையில் வைத்து இருபுறமும் செங்கல் அண்டக் கொடுக்க வேண்டும்.

வியாபாரி என்பதால் ஒரு லாப நஷ்டக் கணக்கும் போட்டுக் காட்டுகிறேன். பட்டாசுச் சத்தத்துக்கு 1999இல் நம் நாட்டில் ஓர் உச்சவரம்பு வைத்தார்கள்: 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபல். டெசிபல் கணக்கு நம் மளிகைக் கணக்குப்போல் இல்லை. ஒரே மாதிரி இரண்டு வெடியைக் கட்டி ஒரே கணத்தில் வெடித்தால் 250 ஆகாது, 128தான் ஆகும். மூன்று டெசிபல் வித்தியாசத்தைக் காது சரியாக உணர்வதே கஷ்டம். இருமடங்கு சத்தம் என்று காதுக்குத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும், அதற்குப் பத்து வெடி வேண்டும். ஆபத்து மட்டும் பத்துக்குப் பத்து முழுசாக ஏறும். முதல் பத்து மடங்கு, வரும்படி இரண்டு மடங்கு. எந்தக் கடைக்காரன் இந்த வியாபாரம் செய்வான்?

கண்ணுக்கும் இதே கணக்குதான். வெளிச்சம் இரண்டு மடங்கானால் கண் அதை இரண்டு மடங்காகக் காண்பதில்லை. ஆனால் சுற்றியுள்ள வெளிச்சத்தைக் குறைத்தால் அதே புஸ்வாணம் வேறு புஸ்வாணம் ஆகிவிடும். வேடிக்கை பிரமாதமாக இருக்க வேண்டும் என்ற ஆசையில் எந்தத் தப்பும் இல்லை. அதற்கு வழி பட்டாசுக்கு வெளியேதான் இருக்கிறது.

எங்கள் குடியிருப்பில் சில வருஷமாகச் செய்வதைச் சொல்கிறேன். ஆளுக்கு ஆள் தனித்தனியே கொளுத்தாமல் எல்லார் பட்டாசும் ஓரிடத்தில் சேரும். முற்றத்து விளக்குகளைக் காவல்காரர் அணைத்துவிடுவார். ஐந்து பத்து நிமிஷம் ஜனங்கள் சும்மா இருட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். கண் இருட்டுக்குப் பழக அந்த நேரம் வேண்டும். முதலில் ஒரே ஒரு தரைச்சக்கரம். அது அடங்கியதும் உடனே அடுத்தது கிடையாது, புகை விலகட்டும். பிறகு இடைவெளி விட்டு வரிசையாக வைத்த ஐந்து புஸ்வாணம், ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக. ஒன்று தணியும்போது அடுத்தது எழும்பும். காற்று பார்க்கிறவர்களின் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி உட்கார வைப்போம், இல்லாவிட்டால் புகை முகத்துக்கே வந்து பாதி வேடிக்கை போய்விடும். பின்னால் வெளிச்சுவர் இருந்தால் பொன்னிறப் பொறி எடுபடாது. கறுத்த மரங்களோ வெறும் இருட்டோ இருந்தால் ஒவ்வொரு பொறியும் தனித்தனியே தெரியும். கீழே பலகையில் மணல் பரப்பி அதன்மேல் வைப்போம். ஆடாமல் நிற்கும், தரையில் ஊர்கிற எறும்புக்கும் நல்லது. கொளுத்துகிறவர் ஒருவரே, நீள ஊதுவத்தியால், முகத்தை அதற்கு நேரே கொண்டுபோகாமல். இன்னொருவருக்கு வாளித் தண்ணீரோடு நிற்பதுதான் வேலை. செலவு முன்னைவிடப் பாதி. பிள்ளைகள் கைதட்டுவது முன்னைவிட அதிகம்.

கம்பி மத்தாப்பைச் சாதுவென்று நினைத்துச் சின்னக் குழந்தை கையில் கொடுக்கிறோம். அதன் பொறி கிளை விட்டுப் பூப்பதற்குக் காரணம் இரும்புத்தூளில் உள்ள கார்பன். உருகிய துளிக்குள் அது வாயுவாகிப் பிளக்கிறது. அங்கே சூடு 1000 டிகிரி செல்சியசுக்கு மேல். எரிந்து முடிந்த கம்பி கறுத்துக் கிடக்கும், ஆனால் வெகுநேரம் சுடும். வாளி பக்கத்தில் இருக்க வேண்டியது இதற்கும்தான். சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்ட வேண்டும். பற்பசை, மை, மஞ்சள் எதுவும் வேண்டாம். கண்ணில் அடி பட்டால் கசக்கவோ அழுத்தவோ கூடாது. ஒரு காகிதக் கோப்பையைக் கண்மேல் படாமல் கவிழ்த்துப் பிடித்தபடி ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்வது வெளிமாநிலத்தில் இருக்கும் நமக்கு அவசியம். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை சத்த வெடி கூடாது என்று உச்சநீதிமன்றம் 2005லேயே சொல்லிவிட்டது. 2018 அக்டோபர் 23 தீர்ப்பில் பசுமைப் பட்டாசு மட்டுமே, சரவெடி கூடாது, பேரியம் உப்பு கூடாது என்றது. 2021லும் 2023லும் அதையே வலியுறுத்தியது. பச்சை நிறம் தருவது பேரியம் என்று மேலே சொன்னேன் அல்லவா? பச்சைக்கு உரிய சரக்கை விலக்கியதுதான் பசுமைப் பட்டாசு. நாக்பூர் நீரி நிறுவனத்தார் வகுத்த முறைப்படி செய்த இவற்றில் புகைத்தூசி குறைந்தது 30 சதவீதம் குறைகிறது. டெல்லி வட்டாரத்தில் முழுத்தடை இருந்து, 2025 தீபாவளிக்குச் சில நாள், சில மணி நேரம் மட்டும் பசுமைப் பட்டாசுக்கு நீதிமன்றம் இடம் கொடுத்தது. ஒவ்வொரு வருஷமும் உங்கள் ஊர் உத்தரவைப் பார்த்துக்கொள்ளுங்கள். எந்தப் பட்டாசானாலும் பிரித்துக் கலந்துவிட்டால் அதற்குப் பசுமை என்ற பேரும் இல்லை, உரிமம் என்ற பாதுகாப்பும் இல்லை. உரிமமின்றி வெடிமருந்து தயாரித்தவராகவே சட்டம் பார்க்கும்.

ஊர் கூடிச் செய்யும் வேடிக்கையிலும் "இன்னும் பெரிசு" என்ற ஆசை எங்கே கொண்டுவிடும் என்பதற்குக் கொல்லம் மாவட்டம் பரவூர் புற்றிங்கல் கோயில் ஒன்று போதும். 2016 ஏப்ரல் 10 விடியுமுன், போட்டி வாணவேடிக்கைக்கு மாவட்ட நிர்வாகம் அனுமதி மறுத்திருந்தும் நடந்தது. ஒரு வாணத்தின் தீ வாணங்களைச் சேர்த்து வைத்திருந்த அறையில் விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர்.

இடையில் ஒரு வார்த்தை. தமிழ்ச் சமணர்களாகிய எங்களை இங்குள்ளோர் "நீங்க மார்வாடியா?" என்று கேட்பார்கள். நாங்கள் வந்தவாசி, திண்டிவனம் பக்கத்து ஆட்கள். எங்களுக்குத் தீபாவளி, மகாவீரர் பாவாபுரியில் நிர்வாணம் அடைந்த நாள். ஜினசேனர் 783இல் எழுதி முடித்த ஹரிவம்ச புராணத்தில் அந்த நாளுக்கு தீபாலிகை என்ற பெயர் வருகிறது. அதில் வரிசை வரிசையாக விளக்குதான் உண்டு, வெடி இல்லை. வெடி பல நூற்றாண்டு கழித்து வந்து சேர்ந்தது. வேண்டாம் என்று யாரையும் நான் சொல்வதில்லை. இருட்டில் ஒளி என்பதுதான் பழைய கணக்கு என்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்வேன்.

கடைசியாக, வெடிக்காத வெடி. திரி எரிந்தும் வெடிக்காததைக் கிட்டப் போய்க் குனிந்து பார்ப்பது, இரண்டாம் முறை பற்ற வைப்பது, இவை வேண்டவே வேண்டாம். அரைமணி நேரம் விட்டு, தூர நின்று தண்ணீர் ஊற்றி, பிறகு வாளிக்குள் முழுக வையுங்கள். மறுநாள் காலையில் பிள்ளைகள் குப்பையைக் கிளறி வெடிக்காததைப் பொறுக்குவது நம் ஊர்ப் பழக்கம். இரண்டாக ஒடித்து "புஸ்" விடுவது, மருந்தைச் சேர்த்துப் பொட்டலம் கட்டுவது எல்லாம் அங்கேதான் தொடங்கும். அதனால் படுக்கப் போகுமுன் டார்ச் வைத்துக்கொண்டு பெரியவர் இருவர் ஒரு சுற்றுச் சுற்றி எல்லாவற்றையும் பொறுக்கி அந்த வாளியிலேயே போடுவது நல்லது. ஒரு ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில் குப்பை வண்டிக்காரர் வந்ததும் உள்ளே இருப்பது என்னவென்று சொல்லி அவர் கையில் கொடுங்கள். சொல்லாமல் போட்டுவிட்டால், ஈரம் காய்ந்த பிறகு அதைப் பிரிக்கப் போகிறவர் அவரோ அவர் பிள்ளையோதான்.